படைக்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச குழம்பு

கோத்தகிரியில ஒரு சின்ன டெய்லர் கடை வச்சிருக்கேன். ப்ளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம், புடவைக்கு ஃபால்ஸ், ஸ்வெட்டருக்கு ஜிப் மாத்தறதுன்னு என்ன வந்தாலும் செய்வேன். 2024 எம்.பி. எலக்‌ஷன் அப்ப, ஏப்ரல் மாசம் ஒரு நாள் காலைல ஒருத்தர் ஒரு கட்டு கொடிய கொண்டாந்து போட்டாரு. கொடியெல்லாம் கீழ இருந்து மொத்தமா தச்சுதான் வரும், ஆனா கம்பு சொருகற பக்கம் சீக்கிரம் பிரிஞ்சிடும், அதுக்கு ரெட்டைத் தையல் போட்டுக் குடுக்கணும். மத்தியானம் இன்னொருத்தர் அதே மாதிரி ஒரு கட்டு, வேற கட்சி. நமக்கென்ன, நூல்கண்டும் பாபினும் மாத்திக்கிட்டு ரெண்டையும் அடிச்சு மேஜை மேல அடுக்கி வச்சிட்டேன். சாயங்காலம் பாத்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்து நிக்கறாங்க. காலைல வந்தவரு மேஜைய பாத்துட்டு, "என்னம்மா, எங்க கொடிக்கு மேல அவங்க கொடிய வச்சிருக்க?"ன்னாரு. "அண்ணா, நீங்க முதல்ல குடுத்தீங்க, அதான் அடியில இருக்கு, ரேஷன் கடையிலயும் முதல்ல வந்த மூட்டைதான் அடியில கெடக்கும்"னேன். ரெண்டு பேரும் சிரிச்சிட்டாங்க, அந்த இன்னொருத்தர்தான் டீ சொன்னாரு.

இந்தக் கதைய எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். என்னமோ எனக்கு இந்தக் கலை கைவந்த மாதிரி. ஆனா அதே ஏப்ரல் மாசத்துல என் கூடப்பிறந்த தங்கச்சியோட நான் பேசி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. சண்டை சொத்துக்கு இல்ல, நகைக்கு இல்ல, சாமிக்கு. அத பத்திதான் எழுதணும்னு உக்காந்தேன், அதுக்குள்ள கொடி, கட்சின்னு வந்துடுச்சு. பரவால்ல, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதான்.

எங்க நீலகிரி தொகுதிய பத்தி ஒண்ணு சொல்லணும். 1998லயும் 99லயும் பா.ஜ.க. ஜெயிச்சுது, 2004ல காங்கிரஸ், 2009ல தி.மு.க., 2014ல அ.தி.மு.க., 2019லயும் 2024லயும் மறுபடி தி.மு.க. அதாவது எந்தக் கட்சிக்காரரும் "இங்க எங்க கட்சிதான்"னு நெஞ்சத் தட்டிக்க முடியாது, எல்லாரும் ஒரு தடவையாச்சும் வெடி வெடிச்சிருக்காங்க, எல்லாரும் ஒரு தடவையாச்சும் வீட்டுக்குள்ள கதவ சாத்திட்டு உக்காந்திருக்காங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஜனங்க ஒருத்தர ஒருத்தர் பொறுத்துப் போவாங்கன்னுதான நெனைப்பீங்க. எங்க தெரு டீக்கடைக்கு காலைல ஏழு மணிக்கு வந்து பாருங்க.

அந்தக் கடையில ஒரு பெரியவர் இருக்காரு, வாக்குவாதம் முத்தும்போதெல்லாம் பெரியார் ராஜாஜி கதைய எடுப்பாரு. கொள்கையில எவ்வளவு எதிரும் புதிருமா இருந்தாங்க, ஆனா 1972 டிசம்பர்ல ராஜாஜி தவறினப்ப பெரியார் சடங்குக்கு வந்து அழுதாரே, அதுதாம்பா நாகரிகம்னு சொல்லுவாரு. சொல்லிட்டு அடுத்த நிமிஷமே கிளாஸ டொம்முன்னு வச்சிட்டு எதிர்ல இருக்கறவன "போடா முட்டாப்பயலே"ம்பாரு. எனக்கு அந்தக் கதையில ஒரு விஷயம் எப்பவும் உறுத்தும். அவங்க ரெண்டு பேருக்கும் சிநேகிதம் ரொம்ப முன்னாடியே வந்துடுச்சு, ஒருத்தர் சேலம் நகராட்சித் தலைவரு, ஒருத்தர் ஈரோடு நகராட்சித் தலைவரு, அப்பவே பழக்கம். சண்டை அப்புறம்தான் வந்துச்சு. நாம சண்டையில ஆரம்பிச்சிட்டு அதுக்குள்ள சிநேகிதத்த தேடறோம்.

அந்த டீக்கடையிலதான் எனக்கும் ஒரு அடி விழுந்துச்சு. எங்க வீட்டுக்கு மேல ஒரு கவுடர் அண்ணா இருக்காரு, படுகர், ஒண்ணரை ஏக்கர் தேயிலை வச்சிருக்காரு. நல்ல மனுஷன், என் பையன் காலேஜ் ஃபீஸுக்கு ஒரு தடவை கேக்காமயே பணம் குடுத்தவரு. எலக்‌ஷன் ரிசல்ட் வந்த வாரம் பேச்சு எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயி, நான் "உங்களுக்கு என்னண்ணா, தோட்டம் இருக்கு, யார் வந்தா என்ன"ன்னு சொல்லிட்டேன். அவரு சட்டுன்னு, "நாங்க இந்த மண்ணுல பொறந்தவங்க, நீங்கல்லாம் வந்தேறிங்க, உங்களுக்குத்தான் எல்லாமே கெடைக்குது"ன்னுட்டாரு. கடையில பத்து பேரு இருந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. நான் காசு வச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரரு, "விடு, பெரியவரு, நீ மரியாதையா போ, நாளைக்கு அவருதான் உதவுவாரு"ங்கறாரு. இது எனக்கு இன்னும் ஆறாத ஒண்ணு. மரியாதையா பேசு, பொறுமையா பேசு, அனுசரிச்சுப் போன்னு எப்பவும் யாருக்குச் சொல்றாங்கன்னு பாருங்க. திட்டு வாங்கினவங்களுக்குத்தான் சொல்றாங்க. திட்டினவர்கிட்ட போயி யாரும் சொல்றதில்ல. அதனால யாராச்சும் மேடை போட்டு 'பரஸ்பர மரியாதை'ன்னு ஆரம்பிச்சாலே எனக்கு முதல்ல எரிச்சல்தான் வரும். ரெண்டு வாரம் அவரு வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்கல.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி கடைய மூடிட்டு வர ஒம்போது ஆயிடுச்சு. எங்க பாதை தேயிலைச் செடிக்கு நடுவுல போறது, லைட் கெடையாது. வளைவுல திரும்பினா பத்தடியில ஒரு காட்டெருமை, பாதைக்குக் குறுக்கால நிக்குது, அசைய மாட்டேங்குது. இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், கரடியாச்சும் ஓடிடும், இது நின்னா நின்னதுதான். நான் அப்படியே பின்னால பின்னால நடந்து, கவுடர் அண்ணா வீட்டுத் திண்ணையில ஏறிட்டேன், வேற எங்க போறது. அவரு டார்ச்ச எடுத்துட்டு வந்து அடிச்சுப் பாத்தாரு, அது கண்ணு மட்டும் பச்சையா மின்னுது. "இது இப்ப போகாதும்மா, உக்காரு"ன்னாரு. முக்கா மணி நேரம் உக்காந்திருந்தோம். முதல் பத்து நிமிஷம் ரெண்டு பேரும் அந்த மாட்டையே பாத்துட்டு இருந்தோம், வாயத் தொறக்கல.

அப்புறம் அவரே கேட்டாரு, "உங்க தாத்தா எந்த வருஷம் வந்தாரு?"

மன்னிப்பு கேக்கல, கவனிச்சீங்களா. ஆனா கேட்டாரு பாருங்க, அம்பது வருஷமா பக்கத்துப் பக்கத்துல இருக்கோம், யாரும் இதுவரைக்கும் கேக்காத கேள்வி. நான் சொன்னேன். தாத்தா பொறந்ததே சிலோன்லதான், தோட்டத்துக் கூலிக்காரங்க வரிசை வீட்டுல, லயம்னு சொல்லுவாங்க, அவரோட அப்பாவும் அங்கதான். 1948ல அங்க குடியுரிமைச் சட்டம் போட்டு தோட்டத்துத் தமிழங்கள நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ அம்மாவும் ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுக்கு 5,25,000 பேரு, அங்கயே 3,00,000 பேரு, மீதி ஒண்ணரை லட்சம் பேர அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு, 1974ல அதையும் ஆளுக்குப் பாதியா 75,000, 75,000ன்னு பிரிச்சுக்கிட்டாங்க. பச்சை இலை மாதிரி எடை போட்டுப் பிரிச்சாங்கண்ணா, எங்ககிட்ட யாரும் கேக்கலன்னேன். தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கேருந்து மண்டபம் கேம்ப், கையில ஒரு ஃபேமிலி கார்டு, அப்புறம் ரயிலு, பஸ்ஸு, இந்தக் குளிரு. திரும்பி வந்தவங்களுக்கு வேலை குடுக்கணும்னு கவர்மெண்டே 1968ல இங்க தேயிலை போட ஆரம்பிச்சுது, தாத்தா அதுலதான் சேந்தாரு. காடு வெட்டி, குழி எடுத்து, செடி வச்சு. "தாயகம் திரும்பியோர்"னு பேப்பர்ல எழுதுவாங்க, தாத்தா அத கேட்டாலே சிரிப்பாரு, நான் எங்கடா கெளம்பினேன் திரும்பறதுக்குன்னு.

அவரு ஒண்ணும் பேசாம கேட்டுட்டு இருந்தாரு. அப்புறம் அவரு கதைய சொன்னாரு. அவங்க அப்பா காலத்துல உருளைக்கிழங்கு போட்ட நெலம், அப்புறம் தேயிலைக்கு மாத்துனாங்க, நல்லா இருந்துச்சு, அந்த நம்பிக்கையில கடன் வாங்கி வீடு கட்டினாங்க, 1999, 2000 வாக்குல பச்சை இலை விலை படுத்துச்சு பாருங்க, பறிக்கற கூலிக்குக் கூட கட்டுப்படியாகல. அவரோட தம்பி திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்கு நின்னாரு. ஊர்ல பெரிய வீட்டுப் புள்ள, அங்க நூல் வெட்டிட்டு இருந்தான்னு சொல்லும்போது குரல் மாறிடுச்சு. "தோட்டம் இருக்குன்னு சொன்னியே, அந்தத் தோட்டம்தாம்மா எங்கள முழுங்குச்சு"ன்னாரு. எனக்கு தொண்டைய அடைச்சுது. ஏன்னா அந்த விலைச் சரிவ நான் சின்ன வயசுல பாத்திருக்கேன், ரோட்டுல மறியல் பண்ணாங்க, எங்களுக்கு ஸ்கூல் லீவு, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

சரி, அதோட கட்டிப் புடிச்சு அழுது எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைச்சிடாதீங்க. அடுத்த பேச்சுலயே முட்டிக்கிட்டோம். 2009ல இருந்து நீலகிரி தனித் தொகுதி, எங்கள மாதிரி பட்டியல் சாதிக்காரங்க மட்டும்தான் நிக்க முடியும். "எங்க ஜனம் இவ்வளவு இருக்கோம், எங்க ஆளு ஒருத்தன் எம்.பி.க்கு நிக்கவே முடியாது, இது நியாயமா?"ங்கறாரு அவரு. அவங்கள பழங்குடிப் பட்டியல்ல சேக்கணும்னு ரொம்ப வருஷமா கேக்கறாங்க, அதுவும் நடக்கல. நான் சொன்னேன், "அண்ணா, எங்க ஆளு பொதுத் தொகுதியில நின்னா எந்தக் கட்சி சீட்டு குடுக்கும், ஒரு பேரு சொல்லுங்க." அவரால சொல்ல முடியல, அவரு கேட்டதுக்கு என்னாலயும் பதில் சொல்ல முடியல. இப்பவும் அதுல எங்களுக்கு ஒத்து வரல, வரும்னும் எனக்குத் தோணல. ஆனா இப்ப அவரு 'உங்களுக்குத்தான் எல்லாம் கெடைக்குது'ன்னு சொல்றதில்ல, நானும் 'உங்களுக்கு என்ன'ன்னு ஆரம்பிக்கறதில்ல. அந்த 'உங்களுக்கு'ங்கற வார்த்தை ஒண்ணுதான் எங்களுக்குள்ள கொறஞ்சது. ஒம்பதே முக்காலுக்கு மாடு செடிக்குள்ள எறங்கிப் போச்சு, அவரு டார்ச்சோட வீட்டு வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனாரு.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எனக்கு வந்த முதல் நெனப்பு தங்கச்சி. மேல் வீட்டுக்காரர்கிட்ட பொறுமையா உக்காந்து கதை கேட்டேனே, இவகிட்ட ஒரு தடவையாச்சும் கேட்டேனா.

அவ கட்டபெட்டு பக்கம் கட்டிக் குடுத்தவ. 2017ல சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சா, பெரிய கோயில் மாதிரி சர்ச் இல்ல, ஒரு மாடியில நடக்கற ஜெபக் கூட்டம். முதல்ல பொட்டு போச்சு, அப்புறம் பூவு, அப்புறம் தோடு, வளையல். மாரியம்மன் திருவிழாவுக்கு வர்றத நிறுத்திட்டா. அம்மா உசுரோட இருந்த வரைக்கும் எப்படியோ ஓடுச்சு, அம்மா ரெண்டு பக்கமும் பூசி மெழுகிடுவாங்க. 2021 ஜனவரில அம்மா தவறிட்டாங்க. அடுத்த வருஷம் முதல் நெனவு நாளுக்கு எங்க வீட்டுல படையல் போட்டோம். அம்மாவுக்குப் பிடிச்சது எல்லாம் செஞ்சேன், கருவாட்டுக் குழம்பு, ரொட்டி, தேங்காய்ச் சம்பல். சிலோன் கையி, அம்மா சம்பல் இடிச்சா தெருவே மணக்கும். அம்மாவுக்கு ஒரு குறை மட்டும் எப்பவும் உண்டு, படையல் குழம்புல எப்பவுமே உப்பு முன்னப் பின்ன இருக்கும்னு. சாமிக்கும் செத்தவங்களுக்கும் படைக்கறத ருசி பாக்கக் கூடாதுல்ல, எச்சில் ஆயிடும். கைக் கணக்குலதான் போடணும்.

தங்கச்சி வந்தா, ஓரமா உக்காந்தா, அம்மா போட்டோவ பாத்து அழுதா, சூடம் காட்டும்போது வெளிய போயிட்டா. சாப்பிடக் கூப்பிட்டா, "அக்கா, படைச்சத நான் சாப்பிட மாட்டேன்"னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அம்மா உனக்கு விக்கிரகமாடின்னு கத்தினேன். அம்மாவ விட உனக்கு அந்தப் பாஸ்டர் பெருசான்னு கேட்டேன், இன்னும் சில வார்த்தை, அத இங்க எழுத மாட்டேன். அவளும் சும்மா இல்ல, "நீங்க கும்பிடறது பிசாச"ன்னு சொல்லிட்டா, சொந்தக்காரங்க பத்திருபது பேரு முன்னாடி. அவ புருஷன் வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டு நிக்கறாரு. அன்னிக்குப் போனவதான்.

அந்தச் சமயத்துல நான் செஞ்ச முட்டாள்தனம் என்னன்னா, அவள மடக்கறதுக்குப் படிச்சேன். நெஜமாத்தான். பைபிள்ல எங்கெங்க முரண்பாடு இருக்குன்னு வீடியோ வீடியோவா பாத்து நோட்டுல எழுதி வச்சேன், ப்ளவுஸ் அளவு எழுதற நோட்டுல பின்பக்கம் இருந்து. மார்பு 36, கை 11ன்னு முன்னாடி, பின்னாடி மத்தேயு, லூக்கா. ஒருத்தர புரிஞ்சிக்கப் படிக்கறதுக்கும் மடக்கப் படிக்கறதுக்கும் வித்தியாசம் படிக்கும்போது தெரியாது, ரெண்டும் அறிவு வளர்ற மாதிரிதான் இருக்கும்.

எங்க கடைக்கு ஒரு தமிழ் டீச்சரம்மா வருவாங்க. ஒரு நாள் காஜா எடுக்கற வரைக்கும் உக்காந்திருந்தாங்க, நான் இந்தக் கதைய பொலம்பினேன். அவங்க மணிமேகலையில இருந்து ஒண்ணு சொன்னாங்க. புகார்ல இந்திர விழா வரப்போகுதுன்னு முரசறையறான் ஒருத்தன், தெருவ கூட்டுங்க, தோரணம் கட்டுங்கன்னு சொல்லிட்டே வந்து, சமயவாதிங்க எல்லாம் பட்டிமண்டபம் ஏறி முறையா வாதம் பண்ணுங்கங்கறான், அதுக்கு அடுத்த வரி, "பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்". பிடிக்காதவங்களா இருந்தாலும் கோவமும் கலகமும் பண்ணாம வெலகிப் போங்கன்னு. திருவிழா ஏற்பாட்டுலயே இதையும் சேத்திருக்கான் பாருங்க, பந்தல் போடறதோட பந்தலா. டீச்சரம்மா 'வாதம் பண்ணுங்க'ங்கறதுக்காகச் சொன்னாங்க, எனக்குப் பிடிச்சது அந்த 'அகலுமின்'தான். எல்லார்கிட்டயும் எல்லா நேரமும் பேசித் தீத்துடணும்னு இல்ல, போலாம், ஆனா கல்ல எறிஞ்சிட்டுப் போகக் கூடாது.

அந்த வரி எனக்கு இப்பவும் உதவுது. கடைக்கு வர்ற ஒருத்தர், எப்ப வந்தாலும் முஸ்லிம்கள பத்தி ஏதாச்சும் விஷம் மாதிரி சொல்லுவாரு. அவர்கிட்ட நான் கதை கேக்கறதில்ல, கேட்டுப் பாத்தேன், அவருக்கு ஒரு பாயையும் நேர்ல தெரியாது, எல்லாம் ஃபோன்ல வந்தது. எனக்கு நூலும் லைனிங்கும் ஜிப்பும் பதினாலு வருஷமா கடனுக்குக் குடுக்கறவரு ஒரு பாய்தான், கொரோனாவுல ஆறு மாசம் ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கல அந்தக் காச. அதனால அவரு ஆரம்பிச்சா, "அண்ணா, நூல் தீந்துடுச்சு, பாய் கடைக்குப் போறேன், வரீங்களா?"ன்னு கெளம்பிடுவேன். இதுவரைக்கும் வரல. கூப்பிட்டுட்டேதான் இருக்கேன்.

தங்கச்சி கதைக்கு வரேன். 2024 நவம்பர், விடாத மழை. அவ கோத்தகிரிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கா, திரும்பிப் போற ரோட்டுல மரம் விழுந்து பஸ் நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு, என்கிட்ட கேக்காம கூட்டிட்டு வந்துட்டாரு. கேட்டிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன், அவரு அத தெரிஞ்சுதான் கேக்கல. கரண்ட் இல்ல. மெழுகுவத்தி வெளிச்சத்துல நான் பட்டாணி உரிச்சிட்டு இருந்தேன், அவ வந்து எதுத்தாப்புல உக்காந்து ஒரு கை எடுத்து உரிக்க ஆரம்பிச்சா. இதுல ஒரு சௌகரியம் இருக்கு, கையில வேலை இருந்தா மூஞ்சிய பாக்க வேண்டியதில்ல. அளவு எடுக்கும்போது பொம்பளைங்க என்கிட்ட என்னென்னமோ சொல்லுவாங்க, நான் டேப்பத்தான் பாத்துட்டு இருப்பேன்ல, அதான் காரணம்.

"ஏன்டி போன?"ன்னு கேட்டேன். திட்டறதுக்கு இல்ல, நெஜமா கேட்டேன், அவளுக்கும் அது தெரிஞ்சுது போல.

அவ சொன்னா. சின்னவனுக்கு ரெண்டு வயசுல வலிப்பு வந்து கோயம்புத்தூர்ல பதினோரு நாள் வச்சிருந்தாங்கல்ல, அப்ப அவ புருஷன் குடிச்சிட்டு ஊர்லயே கெடந்தாரு. அந்தக் கூட்டத்துல இருந்து மூணு பொம்பளைங்க மாத்தி மாத்தி வந்து கூட படுத்தாங்க. அதுல ஒருத்தங்க தேயிலை பறிக்கற அக்கா, ஒரு நாள் கூலிய விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி வந்தாங்க, கையில சோத்து டப்பாவோட. "நீயும் வந்தக்கா, ஒரு நாள் வந்த, ஹார்லிக்ஸ், விபூதி கொண்டாந்த, வந்து நின்னுட்டு என்ன கேட்ட ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இல்ல. "குலசாமிக்கு முடி எறக்கறேன்னு சொல்லிட்டு செய்யாம விட்டீங்க, அதான்னு சொன்ன. புள்ளைக்கு மூக்குல குழாய் இருக்கும்போது." 

பட்டாணி தோல் தரையில விழற சத்தம் கூட கேட்டுச்சு. நான் அப்படிச் சொல்லியிருப்பேன். சொல்லக் கூடிய ஆளுதான் நான்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவ கேட்டா, "நீ ஏன்கா விடாம போற?" நான் தாத்தாவ பத்திச் சொன்னேன். லயத்துக்குப் பக்கத்துல இருந்த மாரியம்மன் கோயில் மண்ண மஞ்சத் துணியில முடிஞ்சு இடுப்புல வச்சு, கப்பல்ல கொண்டாந்தாரு, அந்த முடிச்சு இன்னும் என் சாமி அலமாரியில இருக்கு, அத விட்டுட்டு நான் எங்க போவேன்னேன். "அவரு எனக்கும் தாத்தாதான்கா"ன்னா. "அந்த முடிச்சு மேல எனக்கு என்ன கோவம். கும்பிட மாட்டேன், அவ்வளவுதான்."

அப்புறம் சொன்னா பாருங்க, "எனக்கு பயமா இருக்குக்கா. நீ நரகத்துக்குப் போயிடுவியோன்னு தெனமும் உனக்காக ஜெபம் பண்றேன்." வேற நாளா இருந்தா இந்த ஒரு வார்த்தைக்கு அவள வெளிய தள்ளியிருப்பேன். அன்னிக்கு சிரிப்பு வந்துடுச்சு, அவளுக்கும் வந்துச்சு, ஆனா அவ வெளையாட்டுக்குச் சொல்லல. மூணு வருஷம் என் மூஞ்சியில முழிக்காம, தெனமும் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து என் பேரச் சொல்லி அழுதிருக்கா. இத நான் எந்தக் கணக்குல வைக்கறது? அவ நம்பறது எனக்கு இன்னும் ஏத்துக்க முடியல, என் அம்மா எங்க இருக்காங்கன்னு அவ நம்பறாளோ, அத நெனைச்சா இப்பவும் வயிறு எரியுது. 'பிசாசு'ன்னு சொன்னதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோன்னா. நான் 'பாஸ்டர்' வார்த்தைக்குக் கேட்டேன். மீதிய ரெண்டு பேரும் அப்படியே விட்டுட்டோம்.

2025 ஜனவரி, அம்மா நெனவு நாள். காலைல ஏழரைக்கே வந்துட்டா, பொட்டில்லாம, பூவில்லாம, கையில ஒரு சின்ன குண்டானோட. ரெண்டு பேரும் சேந்து சமைச்சோம், சம்பல் அவதான் இடிச்சா, அவளுக்குத்தான் அம்மா கை. குழம்பு கொதிச்சு எறக்கினதும், எலை போடறதுக்கு முன்னாடி, கரண்டிய கழுவி எடுத்து அவ குண்டான்ல மூணு கரண்டி ஊத்திக்கிட்டா. இது படைக்காத குழம்பு, அவ சாப்பிடலாம். மூடி போட்டு ஜன்னல் திட்டுல வச்சா, அப்புறம் என்ன தோணுச்சோ, மூடிய தொறந்து விரல விட்டு நக்கிப் பாத்தா.

"உப்பு பத்தலக்கா."

நான் பெரிய பாத்திரத்துல ஒரு கை கல்லுப்பு போட்டு, கலக்கி, எடுத்துட்டுப் போயி அம்மாவுக்குப் படைச்சேன்.